பெயர் வெட்டிய தாம்பாளம்

எங்கள் நல்லமங்கலத்தில் செத்துப்போனவர்கள் சொர்க்கத்துக்கும் போகவில்லை, நரகத்துக்கும் போகவில்லை, ருஷ்யாவில்தான் இருந்தார்கள் என்பதும், அங்கே அவர்கள் கம்பளிக் கோட்டும் காதை மூடிய தொப்பியும் போட்டுக்கொண்டு வரிசையில் நின்று ரொட்டி வாங்கினார்கள், தெருவில் பனியைத் தள்ளினார்கள், டிராம் வண்டியில் தொங்கிக்கொண்டு போனார்கள், பூங்காவில் புறாவுக்குத் தீனி போட்டார்கள் என்பதும் சங்கரன்கோவில் பஸ்ஸில் வந்துபோகிற கண்டக்டர் வரைக்கும் அந்தக் காலத்தில் தெரிந்த விஷயம். முதலில் அதைப் பார்த்தது என் வீட்டு டி.வி.யில் என்பதால் ஏதோ நான்தான் அவர்களை டிக்கெட் எடுத்து அனுப்பிவைத்த மாதிரி சிலர் பேசுவார்கள். நான் பாத்திரக் கடைக்காரன். ஆள் அனுப்புகிற தொழில் எனக்குத் தெரியாது.

என் பெயர் குற்றாலிங்கம். ஊருக்குக் குத்தாலம் அண்ணாச்சி. பகல் முழுக்கத் தெற்கு ரதவீதிக் கடையில் உட்கார்ந்து, எவர்சில்வர் குடத்தை விரலால் சுண்டிப் பார்த்து “கனம் போதாதே” என்று உதட்டைப் பிதுக்கும் பெண்களோடு மாரடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், மற்ற ஆம்பிளைகள் சீட்டாடப் போவார்கள், நான் மொட்டைமாடிக்குப் போவேன். நம் ஆட்களுக்கு அடுத்த வீட்டுப் பேச்சை ஒட்டுக்கேட்பதில் ஒரு ருசி உண்டல்லவா, எனக்கு அந்த ருசி அடுத்த நாட்டு டி.வி. மேல். முதலில் உயரக் கம்பம் நட்டு இலங்கை டி.வி.யைப் பிடித்தேன். காற்றடித்தால் போய்விடும், மழை வந்தால் நன்றாக வரும். பிறகு ஒரு எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகையில், நம் தலைக்கு மேலே வெகு உயரத்தில் செயற்கைக்கோள்கள் சும்மா நிற்கின்றன, பெரிய தட்டு ஒன்று இருந்தால் அவை கொட்டுகிற படத்தை யார் வேண்டுமானாலும் ஏந்திக்கொள்ளலாம் என்று படித்தேன். அன்றையிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

தட்டு எவ்வளவு பெரியது என்றால் ஒரு மாட்டுவண்டியைக் கவிழ்த்துப் போட்டு மூடலாம், அவ்வளவு பெரியது. விவரம் தெரிந்தவர்கள் கம்பி வலையில் செய்வார்கள். பாத்திரக் கடைக்காரன் புத்தி எங்கே போகும்? என் கடைக்குப் பின்னால் ஒரு அறை நிறையப் பழைய பாத்திரம் கிடந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு சாவு விழுந்து காரியம் முடிந்ததும், செத்தவர் புழங்கிய குடம், செம்பு, போணி, சருவச்சட்டி எல்லாம் கடைக்கு வரும், அதைப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கிக்கொண்டு போவார்கள். அதையெல்லாம் எடுத்து, வெட்டி, தட்டி நிமிர்த்தி, பித்தளையும் அலுமினியமும் எவர்சில்வருமாகக் கலந்து இதழ் இதழாகச் சேர்த்து ரிவிட் அடித்தேன். பாத்திரம் என்றால் அதில் பெயர் வெட்டியிருக்கும். பெயர் வெட்டாத பாத்திரத்தை எங்கள் ஊரில் பிச்சைக்காரன்கூட வாங்கமாட்டான். கல்யாணத்துக்குக் கொடுத்தது, கிரகப்பிரவேசத்துக்கு வந்தது, இனிஷியலோடு புள்ளி புள்ளியாக எல்லாப் பெயரும் தட்டின் உட்புறத்தில் அப்படியே இருந்தன. அரம் போட்டு அழிக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அது தோன்றியிருந்தால் இந்தக் கதையே கிடையாது.

மாடியில் அதைத் தூக்கி நிறுத்தியபோது ஊர் அதற்குத் தாம்பாளம் என்று பெயர் வைத்தது.

என்னோடு அந்தத் தாம்பாளத்தைத் திருப்பினவள் என் தங்கை ஆவுடை. புருஷன் போனபிறகு எங்கள் வீட்டிலேயே இருந்தாள். போனபிறகு என்றால் வீட்டைவிட்டுப் போனபிறகு. அதைப் பிறகு சொல்கிறேன். நான் கீழே டி.வி. முன்னால் உட்கார்ந்திருப்பேன், அவள் மாடியில் தாம்பாளத்தை ஒரு விரற்கடை நகர்த்திவிட்டு “வருதாண்ணே?” என்பாள், நான் “வரலை” என்பேன், இப்படியே ஒரு தை மாதம் முழுக்கப் போனது. பக்கத்து வீட்டுக் குழந்தை பேசப் பழகியபோது முதலில் சொன்ன வார்த்தை “வரலை” என்று அதன் தாய் இன்றைக்கும் என்னைத் திட்டுவாள்.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. முதலில் மீன்குஞ்சு துள்ளுகிற மாதிரி திரையெல்லாம் வெள்ளைப் பொடிகள், அதற்குப் பின்னால் ஒரு கடிகாரம், பிறகு கொண்டை போட்ட ஒரு அம்மாள் உட்கார்ந்து செய்தி வாசித்தாள். கலர் வரவில்லை, அவர்கள் கலர் அனுப்புகிற முறை வேறாம், நம் டி.வி.க்கு அது பிடிபடாது. சத்தமும் முதலில் இல்லை. ஆனாலும் பல்லாயிரம் மைல் தாண்டி, யாரும் எனக்கென்று அனுப்பாத ஒரு படம் என் வீட்டுக் கூடத்தில் வந்து நின்றபோது எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. என் கல்யாணத்தன்றுகூட அப்படி ஒரு சந்தோஷம் இருந்ததில்லை, அதை என் வீட்டுக்காரியிடமும் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

செய்தி முடிந்து ஒரு தெருவைக் காட்டினார்கள். பனி கொட்டிக் கிடந்தது, ரொட்டிக் கடை வாசலில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஆவுடை கீழே இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டே பார்த்தாள்.

“அண்ணே, மூணாவதா நிக்கது நம்ம கிட்ணம்மா அக்கால்லா?”

பார்த்தேன். இட்லி வியாபாரம் செய்து போன ஐப்பசியில் காய்ச்சலில் போன கிட்ணம்மா அக்காதான். ஒரு கையால் மறுகை முழங்கையைப் பிடித்துக்கொண்டு நிற்பது யாருக்கு வரும்? அவள் முறை வந்ததும் ரொட்டியை வாங்கி, சுண்டிப் பார்த்து, வேறு ஒன்றை எடுக்கச் சொன்னாள்.

“குளிருக்கு நல்லா உடுத்திருக்காவ” என்றாள் ஆவுடை. பிறகு அடுப்பில் வைத்த பால் ஞாபகம் வந்து உள்ளே போய்விட்டாள்.

கிட்ணம்மாவின் மகள் சாயங்காலமே வந்தாள். ஒரு பாட்டம் அழுதாள். அழுது முடித்ததும் மூக்கைச் சிந்திவிட்டு, “உசுரோட இருக்கையில எங்கம்மா ஒரு வரிசையில நின்னதுண்டா? ரேசன் கடையில முண்டிட்டு முன்னால போயிருவா. அங்க போயி என்ன ஒழுங்கா நிக்கா பாருங்க” என்றாள். அதோடு சரி. மறுநாள் இட்லிக் கடையை நேரத்தில் திறந்தாள். அடுத்தடுத்து, உரக்கடைக்காரரின் தகப்பனார் டிராமில் போவதும், பள்ளிக்கூட ஆயா ஒரு பெரிய பாடகர் கூட்டத்தில் கடைசி வரிசையில் நின்று வாயை மட்டும் அசைப்பதும் தெரிந்தது. ஊர் திரண்டுவிட்டது. என் வீட்டுக் கூடத்தில் இடம் போதாமல் டி.வி.யை வாசலுக்குக் கொண்டுவந்து, தெருவில் சாக்கு விரித்து, வருகிறவர்களுக்கு மோர் கொடுத்து, அதெல்லாம் என் வீட்டுக்காரி செய்தாள், முணுமுணுத்துக்கொண்டேதான் செய்தாள்.

எங்கள் ஊர் ஆட்களைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும், அவர்கள் எதற்கும் அசந்துபோகமாட்டார்கள். செத்தவர்கள் ஏன் ருஷ்யாவில் இருக்கிறார்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எங்கேயாவது இருக்கத்தானே வேண்டும் என்றார்கள். அவர்களுக்கு வந்த சந்தேகமெல்லாம் வேறு. கோயில் குருக்களிடம் போய், திதியை நம் ஊர் நேரத்துக்குக் கணக்குப் பண்ணுவதா, ருஷ்யா நேரத்துக்குக் கணக்குப் பண்ணுவதா என்று கேட்டார்கள். அப்பா அங்கே தினமும் மூன்று வேளை தின்று கொழுகொழுவென்று இருக்கிறார், இனி திவசம் எதற்கு என்று ஒருவன் கேட்டதற்குக் குருக்கள், ரொட்டி வேறு, பிண்டம் வேறு என்று கறாராகச் சொல்லிவிட்டார். பிள்ளை பெற்றவர்கள் பச்சைக் குழந்தையைக் கொண்டுவந்து திரைக்கு நேரே தூக்கிக் காட்டினார்கள். பெண்பார்க்கப் போகிறவர்கள் போகிற வழியில் நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள். செத்தவர்கள் ஒருநாளும் நம் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை. சிலருக்கு அது மனக்குறை. “வேலை சோலி இருக்கும்லா” என்பாள் ஆவுடை, அவர்களுக்காக வக்காலத்து வாங்கிக்கொண்டு.

வடக்குத் தெருப் பெரிய பண்ணையார் ஒருநாள் சிகரெட்டுக் கடை வரிசையில் நின்றார். அவருக்கு முன்னால் நின்றவர், அவருடைய தொழுவத்தில் காலமெல்லாம் மாடு மேய்த்துச் செத்த மாடன். மாடன் திரும்பி, தன் சிகரெட்டிலிருந்து பண்ணையாருக்கு நெருப்புக் கொடுத்தார், பண்ணையார் குனிந்து பற்றவைத்துக்கொண்டு அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். பண்ணையார் வீட்டு ஆட்கள் ஒரு வாரம் எங்கள் தெருப்பக்கமே வரவில்லை. பிறகு வந்தார்கள், பின்னால் சாக்கில், மாடனின் பேரப்பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இடம் இருந்தது, அங்கே உட்கார்ந்து பார்த்தார்கள்.

சத்தம் வந்தபிறகுதான் தோழர் மாசானத்துக்கு மரியாதை கூடியது. கட்சி ஆபீஸில் தனியாக உட்கார்ந்து புத்தகத்தை வைத்து ருஷ்ய மொழி படித்தவர். அதுவரைக்கும் ஊரில் அவரை அதற்காகக் கேலி செய்யாத ஆள் கிடையாது. இப்போது நாற்காலி போட்டு முன்வரிசையில் உட்காரவைத்து, “தோழரே, எங்க மாமா என்ன சொல்லுதாவ?” என்று வாயைப் பார்த்தார்கள். தோழர் கண்ணை மூடி, காதைச் சாய்த்து, வெகுநேரம் கேட்டுவிட்டு, “உருளைக்கிழங்கு நல்லால்லங்கிறாரு” என்பார். மாமாவின் குடும்பம் ஆனந்தக் கண்ணீர் விடும்.

அதன் விதியைக் கண்டுபிடித்ததும் தோழர்தான். தாம்பாளத்தில் யார் யார் பெயர் இருக்கிறதோ அவர்கள்தான் திரையில் வருகிறார்கள், பெயர் இல்லாதவர்கள் வருவதில்லை. மளிகைக்கடை சண்முகவேலுவின் கிரகப்பிரவேசக் குடம் எப்படியோ கலந்து தாம்பாளத்தில் சேர்ந்திருந்தது. அவர் தினமும் வந்து உட்கார்ந்து தன்னைத் தேடிப் பார்த்துவிட்டு, “நான் வரலையே” என்று ஏமாந்து போவார். கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை அவர் மாரடைப்பில் இறந்தார். மறுநாள் சாம்பல் அள்ளிவிட்டு வந்த பிள்ளைகள் டி.வி.யைப் போட்டால், சண்முகவேலு ஒரு பெரிய கட்டட வாசலில் வேட்டியை மடித்துக் கட்டுகிற பாவனையில் கோட்டைத் தூக்கிச் செருகிக்கொண்டு பனி தள்ளுகிறார். ஆக, பெயர் இருக்கவேண்டும், ஆளும் செத்திருக்கவேண்டும். பெயர் இருந்து வராவிட்டால் ஆள் உயிரோடு இருக்கிறார். இதைத் தோழர் வாசலில் நின்று எல்லாருக்கும் புரியும்படி சொன்னார். சொல்லி முடித்ததும் அத்தனை பேரும் திரும்பி மாடியைப் பார்த்தார்கள், ஏனென்றால் ஆவுடை அங்கே இருந்தாள்.

அந்தச் செயற்கைக்கோள் கிழடு. ஒரே இடத்தில் நிற்காமல் வடக்கேயும் தெற்கேயும் தள்ளாடும், அதன் பின்னாலேயே தாம்பாளத்தையும் சாய்த்துக்கொண்டே போகவேண்டும். அதற்காக அடியில் ஒரு லாரி ஜாக்கி வைத்திருந்தோம். அதைச் சுற்றுகிற பக்குவம் ஆவுடைக்குத்தான் வந்தது. ஊர் முழுக்கக் கீழே தங்கள் ஆட்களைப் பார்த்து அழுது சிரித்துக்கொண்டிருக்க, அவள் மாடியில் தாம்பாளத்தின் நிழலில் உட்கார்ந்து, படம் மங்குகிறது என்று குரல் வந்தால் ஜாக்கியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பூக் கட்டிக்கொண்டிருப்பாள்.

அவள் புருஷன் சிவசைலம் மில்லில் கணக்கு எழுதிய மனுஷன். அதிர்ந்து பேசமாட்டார். நாலு வருஷக் குடித்தனத்தில் ஒரு சண்டை கிடையாது. ஒருநாள் சித்தப்பா மகனை ரயில் ஏற்றிவிடப் போனவர், பிஸ்கட் பொட்டலத்தை அவனிடம் கொடுத்துவிட்டு, எதிர்ப் பக்கம் நின்ற வண்டியில் ஏறிப் போய்விட்டார். பார்த்த போர்ட்டர் சொன்னதுதான் தடயம். தேடாத ஊர் இல்லை. விபத்தில் போனார் என்றார்கள், வடக்கே சாமியாராகத் திரிகிறார் என்றார்கள், ஒன்றும் நிச்சயமில்லாமல் ஆறு வருஷம் ஓடிவிட்டது. ஆவுடை தாலியும் பொட்டுமாகத்தான் இருந்தாள். ஆனால் வளைகாப்பு வீட்டில் குங்குமச் சிமிழ் வரிசையாக வந்து இவளிடம் வரும்போது, நீட்டுகிற கை ஒரு கணம் யோசிக்கும். அந்த ஒரு கணத்துக்குப் பயந்து அவள் விசேஷ வீடுகளுக்குப் போவதை விட்டுவிட்டாள். என் தங்கை யாருக்கும் பயந்து நான் பார்த்ததில்லை, இதற்கு மட்டும் பயந்தாள்.

சிவசைலத்தின் தூக்குவாளி ஒன்று வீட்டில் இருந்தது. மில்லுக்குச் சோறு கொண்டுபோனது. மு. சிவசைலம் என்று என் கடையில் வெட்டிய பெயர். அது வீட்டில் இருக்கிறது என்று ஊருக்குத் தெரியும், ஏனென்றால் அதில்தான் ஆவுடை பால் வாங்குவாள். விதி தெரிந்த நாளிலிருந்து பால்காரர் அந்த வாளியைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. பெண்கள் வந்து நைசாகப் பேசினார்கள். “ஒண்ணு தெரிஞ்சிட்டா மனசு ஆறும்லா தாயி” என்றார்கள். தோழரும் தயங்கித் தயங்கிக் கேட்டார். ஒருநாள் நானும் கேட்டேன்.

ஜாக்கிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தவள் நிமிராமல் சொன்னாள்:

“செத்துருந்தாவன்னா, என்னைய விட்டுட்டுப் போகலைன்னு ஆயிரும். வரத்தான் நெனைச்சிருப்பாவ, வரமுடியலைன்னு அழுதுட்டு இருந்துருவேன். உசுரோட இருக்காவன்னா, வேணாம்னுதான் போயிருக்காவன்னு ஆயிரும். எனக்கு இதுல எது வேணும்னு எனக்கே தெரியலைண்ணே. என்ன வேணும்னு தெரியாத கேள்விய அந்த டி.வி.ட்ட எதுக்குப் போய்க் கேக்கணும்?”

ஊரில் அத்தனை பேருக்கும் கண்ணீரைத் துடைத்துவிடுகிற ஒரு சாதனத்தைச் செய்துவிட்டு, கூடப் பிறந்தவளுக்கு மட்டும் அதைத் தலைக்கு மேல் கத்தியாகத் தொங்கவிட்டிருக்கிறோமே என்று இருந்தது. கீழிருந்து “படம் போவுது” என்று சத்தம் வந்தது. அவள் ஜாக்கியைச் சுற்றினாள்.

அடுத்த வருஷம் பங்குனியில் தோழர் முகம் வாடி வந்தார். கொண்டைக்கார அம்மாள் தினமும் ஏதோ ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்கிறாளே என்று காதைக் கொடுத்திருக்கிறார். அந்தச் செயற்கைக்கோளுக்கு ஆயுசு முடிகிறதாம். சேனலை வேறொரு புதுக் கோளுக்கு மாற்றுகிறார்களாம், அது பூமியின் மறுபக்கம் போய் நிற்குமாம், நம் ஊருக்குத் தெரியாதாம். இந்த மாதக் கடைசியோடு சரி.

ஊர் அதையும் தாங்கிக்கொண்டது. பிள்ளைகளை வெளியூர் அனுப்புகிறபோது செய்கிற மாதிரி எல்லாரும் கடைசி நாட்களுக்குத் தயாரானார்கள். வெளியூரில் கட்டிக்கொடுத்த பெண்களை வரவழைத்தார்கள். இதுவரை பெயர் சேராதவர்கள் அவசர அவசரமாகப் பாத்திரம் கொண்டுவந்தார்கள், நானும் தட்டித் தட்டிச் சேர்த்தேன். முடிதிருத்துகிற சுப்பையா தன் தகப்பனாரின் வெந்நீர்ச் செம்பைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தபோது, ஆவுடை மாடிப்படி ஏறி வந்து தூக்குவாளியை என் முன்னால் வைத்தாள்.

“பால் வாங்க வேற ஏனம் எடுத்துக்கிட்டேன்” என்றாள். “இதத் தட்டு.”

“யோசிச்சுக்கோ ஆவுடை.”

“ஆறு வருசமா அது ஒண்ணத்தான் செய்யுதேன். இந்தச் சேனலும் போயிட்டுன்னா பொறவு கேக்கதுக்கு ஆளே கிடையாது. நீ தட்டுண்ணே. பேரு நசுங்காமத் தட்டு.”

தட்டினேன். சுத்தியலை இவ்வளவு நிதானமாக நான் என்றைக்கும் பிடித்ததில்லை. பெயரை ஓரத்தில் கோணலாக வைத்து ரிவிட் அடித்துவிட்டால் ஒருவேளை வேலை செய்யாமல் போகும், கேள்வியும் கேள்வியாகவே நிற்கும் என்று ஒரு கள்ள யோசனை ஓடியது. அவள் பக்கத்திலேயே நின்று என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில், கோளின் பார்வை நேராக விழுகிற இடத்தில், சுப்பையாவின் தகப்பனார் செம்புக்கு அருகில் அதைப் பதித்தேன்.

மறுநாள் காலையிலேயே சுப்பையாவின் தகப்பனார் பூங்காவில் புறாக்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். ஆக, தாம்பாளத்தில் கோளாறு இல்லை.

அன்றையிலிருந்து ஜாக்கி என் கைக்கு வந்தது. ஆவுடை கீழே போய் டி.வி.க்கு நேர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஊரே விலகி அவளுக்கு வழிவிட்டது. எங்கள் ஆட்களின் நல்ல குணம் அது. அவரவருக்கு அவரவர் செத்தவர்களைக் கடைசியாகப் பார்த்துக்கொள்ளவேண்டிய அவசரம், ஆனாலும் ஒரு கண்ணை ஆவுடையின் முதுகில் வைத்திருந்தார்கள். தொப்பி போட்ட ஆம்பிளை யார் வந்தாலும் தெரு மூச்சைப் பிடித்துக்கொள்ளும். நான் மாடியில் வெயிலில் உட்கார்ந்து ஜாக்கியைச் சுற்றிக்கொண்டு, திரையைப் பார்க்கமுடியாமல், கீழே கூட்டம் மூச்சு விடுகிறதா என்று காது கொடுத்துக்கொண்டிருப்பேன். கைப்பிடிச் சுவருக்கு வந்து “ஏளா, இருக்கா?” என்பேன். “இல்ல” என்பாள். அந்த ‘இல்ல’யில் சந்தோஷமா துக்கமா என்று குரலை வைத்துச் சொல்லமுடியவில்லை.

ஒருமுறை கீழே எல்லாரும் ஒரே சமயத்தில் எழுந்த சத்தம் கேட்டது. டிராம் நிறுத்தத்தில் ஒருவன், ஒரு தோளைத் தாழ்த்தி, காலை இழுத்து வைத்து, அச்சாகச் சிவசைலம் நடக்கிற நடையில் அந்தப் பக்கமாகத் திரும்பிப் போனானாம். ஆவுடை எழுந்து போய்த் திரையில் கையை வைத்தாளாம். இதெல்லாம் என் வீட்டுக்காரி சொல்லித்தான் எனக்குத் தெரியும். “திரும்புங்க” என்று மெதுவாகச் சொன்னாளாம். அவன் திரும்பினான். செத்துப்போன மில் வாட்ச்மேன் பூதத்தான், அவருக்கும் அதே தோள், அதே கால். ஆவுடை வந்து மறுபடி உட்கார்ந்து, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாளாம்.

கடைசி நாள் வந்தது. காலையிலிருந்து ஊரில் ஒரு கடை திறக்கவில்லை. செத்தவர்கள் என்றைக்கும்போல ரொட்டி வாங்கினார்கள், பனி தள்ளினார்கள், அவர்களுக்கு ஒன்றும் தெரிந்ததாகத் தெரியவில்லை. கிட்ணம்மாவின் மகள், “எம்மா, வரிசையிலேயே நில்லும்மா, முண்டாத” என்று சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாளாம். நான் அன்றைக்கு ஜாக்கியைச் சுற்றிய மாதிரி என்றைக்கும் சுற்றியதில்லை. கோள் தள்ளாடித் தள்ளாடிப் போக, இன்னும் ஒரு நிமிஷம், இன்னும் ஒரு முகம் என்று தாம்பாளத்தை அதன் பின்னாலேயே இழுத்துக்கொண்டு போனேன். சிவசைலம் இருந்தால் இந்த நாளுக்குள் இருக்கட்டும், இல்லையென்றால் இல்லாமல் போகட்டும், என் தங்கைக்கு எது நல்லதோ அது நடக்கட்டும் என்று வாய்விட்டே சொன்னேன். வெயில் தாழ்கிற நேரத்தில் கொண்டைக்கார அம்மாள் எழுந்து நின்று ஏதோ சொன்னாள். “போயிட்டு வாரோம்ங்காங்க” என்று தோழர் உடைந்த குரலில் சொன்னது மாடிவரைக்கும் கேட்டது. பிறகு திரையெல்லாம் மீன்குஞ்சுகள், அதற்குப் பிறகு அதுவும் இல்லை.

தெருவில் யாரும் எழுந்து டி.வி.யை அணைக்கவில்லை. பிறகு யாரோ ஒருத்தி குலவை போட்டாள். சிவசைலம் வரவில்லை, பெயர் இருந்தும் வரவில்லை, அப்படியென்றால் ஆவுடையின் புருஷன் உயிரோடு இருக்கிறார். இன்னொருத்தி சேர்ந்துகொண்டாள், தெரு முழுக்கக் குலவைச் சத்தம். ஆறு வருஷமாகத் தயங்கிய கைகள் எல்லாம் குங்குமச் சிமிழைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தன. நான் படி இறங்கி வரும்போது ஆவுடையின் நெற்றியெல்லாம் சிவப்பாக இருந்தது. “உன் தாலி கெட்டித் தாலி தாயி” என்று அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்கள். எனக்கும் அழுகை வந்தது, நானும் சந்தோஷம் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

ஆவுடை எல்லாருடைய குங்குமத்தையும் பொறுமையாக வாங்கிக்கொண்டாள். குலவை ஓயும்வரைக்கும் காத்திருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“உசுரோடதான் இருக்காவண்ணே.”

“ஆமா தாயி.”

“நல்லாருக்கட்டும். நான் இத்தன வருசமும் அவிய எங்க செத்துக் கெடக்காவளோன்னு பயந்துதான் காத்துக்கிட்டு இருந்தேன். உசுரோட இருக்க மனுசருக்கு வீட்டு வழி தெரியும். அவியளுக்காக இனி நான் எதுக்குக் காத்திருக்கணும்?”

சொல்லிக்கொண்டே கையைக் கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோய்த் தாலிச் சங்கிலியின் கொக்கியைக் கழற்றினாள். அதற்கு அவளுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. என் கையைப் பிடித்து உள்ளங்கையில் வைத்து விரலை மடக்கிவிட்டாள். சங்கிலி அவள் உடம்புச் சூட்டோடு இருந்தது. முந்தானை நுனியால் நெற்றியில் அப்பியிருந்த குங்குமத்தை வழித்துத் துடைத்தாள். எல்லாவற்றையும் துடைக்கிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். துடைத்துவிட்டு, பக்கத்தில் நின்றவளின் சிமிழில் தன் மோதிர விரலைத் தொட்டு, நடு நெற்றியில் வட்டமாக, தனக்குப் பிடித்த அளவில் ஒரு பொட்டு வைத்துக்கொண்டாள்.

செத்தவர்கள் சிகரெட் பிடித்ததைப் பார்த்தும் உருளைக்கிழங்கைக் குறை சொன்னதைக் கேட்டும் ஒருநாளும் அசராத நல்லமங்கலம் அன்றைக்குத்தான் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. தாலி இல்லை, பொட்டு இருக்கிறது, புருஷனும் இருக்கிறான். இதற்கு என்ன பெயர் சொல்லி அழைப்பது என்று குருக்களைப் பார்த்தார்கள், குருக்கள் தோழரைப் பார்த்தார், தோழர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்.

ஆவுடை சாக்குகளை ஒவ்வொன்றாக உதறி மடித்தாள். மடித்துக்கொண்டே, “வெறுந் திரையப் பாத்துக்கிட்டு எம்புட்டு நேரம் நிப்பிய? எல்லாரும் வீட்டுக்குப் போங்க. அண்ணே, எனக்குப் பசிக்கி” என்றாள்.